உப்புக்காற்றில் ஹெச்ஓ ரயில்கள்: பூட்டி வைப்பதா, ஓட விடுவதா?

மண்டபம், பாம்பன், கீழக்கரை பக்கம் ஹெச்ஓ (நிஜத்தில் 87இல் ஒரு பங்கு) அளவு மாடல் ரயில் சேர்ப்பவர்களுக்கு ஒரு விஷயம் முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்தால் மதிப்பு கூடும் என்ற கணக்கு இங்கே செல்லாது. பழைய பெட்டிகளில் வரும் ஸ்பாஞ்ச் ஈரக்காற்றில் இளகிப் பிசுபிசுத்து என்ஜினின் பெயின்டோடு ஒட்டிக்கொள்ளும். பிய்த்தால் நம்பரும் கோடும் சேர்ந்தே வந்துவிடும். கியரில் பூசிய கிரீஸ் இறுகிவிடும். சரக்கு வேகன்களின் அடியில் எடைக்காக வைக்கும் இரும்புத் தகடு துருப்பிடித்து உப்பி, ஒட்டிய தரையையே நெம்பித் தள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது.

எனவே வாங்கிய கையோடு ஸ்பாஞ்சை எடுத்து எறிந்துவிட்டு மெல்லிய பாலித்தீன் தாளில் சுற்றி, மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைப்பதே சரி. ஜெல் நிறம் மாறினால் வெறும் வாணலியில் மிதமான சூட்டில் வறட்டிவிட்டுத் திரும்பப் போடலாம். நீல ஜெல்லில் கோபால்ட் உப்பு இருக்கும் என்பதால் சமையலுக்கு எடுக்கும் வாணலி கூடாது, தனியாக ஒன்று வேண்டும். ஆரஞ்சு வகை நல்லது. மாதம் ஒருமுறை எடுத்துப் பத்து நிமிடம் ஓடவிட்ட என்ஜின், டப்பாவிலேயே கிடந்ததைவிட நன்றாக இருக்கும். கியருக்குத் தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம், நாளாக நாளாகப் பசையாகிவிடும்.

தண்டவாளத்தில்தான் பெரிய மாற்றம். பழைய செட்களின் பித்தளைத் தண்டவாளம் கடற்கரையில் சீக்கிரமே கறுத்து மின்சாரம் கடத்தாமல் போகும். இப்போது வழக்கத்தில் இருப்பது நிக்கல் சில்வர். பெயரில் வெள்ளி இருந்தாலும் அது செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவைதான். இதுவும் அழுக்காகும், ஆனால் சமாளிக்கலாம். துடைக்க மினரல் டர்பன்டைன் போதும் என்று வெளியூர்க்காரர்கள் சொல்வது பாதி உண்மை, ஏனென்றால் உப்பு டர்பன்டைனில் கரையாது. முதலில் டிஸ்டில்டு வாட்டரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் ஒரு துடைப்பு. காய்ந்த பிறகு டர்பன்டைன் தொட்ட பருத்தித் துணியால் இன்னொன்று, கடைசியில் வெறும் துணி. இவ்வளவும் கரண்டை அணைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் விழும் கீறலில் அடுத்த முறை அழுக்கு இரட்டிப்பாகச் சேரும்.

இணைப்புத் தகடுகளை நம்பிக் கரண்ட் கொடுக்கக்கூடாது. ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் கரண்ட் கொண்டுவரும் தனி வயரை (ஃபீடர்) சால்டர் செய்ய வேண்டும். பலகைக்கு ஐஎஸ் 710 மரைன் பிளைவுட், 12 மி.மீ. விளிம்புகளுக்கும் பெயின்ட் அடிக்காமல் விட்டால் அடைமழை மாதங்களில் அங்கிருந்துதான் ஊறத் தொடங்கும்.

ஜல்லிக்குப் பதில் கடற்கரை மணலைத் தூவும் ஆசை எல்லோருக்கும் வரும். வேண்டாம். எத்தனை அலசினாலும் கொஞ்சம் உப்பு நிற்கும். கருமணல் கலந்திருந்தால் அந்தத் துகளை மோட்டாரின் காந்தமே உள்ளே இழுத்துக்கொள்ளும். கிரஷர் தூளைச் சலித்து, அதன்மேலும் ஒரு காந்தத்தை ஓட்டிவிட்டுப் போடலாம்.

பழைய 12 வோல்ட் டிசி முறையில் அழுக்குத் தண்டவாளத்தில் என்ஜின் ஒரு குலுக்கல் குலுக்கிவிட்டுப் போய்விடும். 1990களில் பரவிய டிசிசி, அதாவது தண்டவாளம் வழியே டிஜிட்டல் கட்டளை அனுப்பி ஒவ்வொரு என்ஜினையும் தனித்தனியாக ஓட்டும் முறை, அவ்வளவு பொறுமைசாலி இல்லை. கட்டளையை வாங்கி என்ஜினுக்குள் சத்தம் தரும் டிகோடர் சர்க்யூட் ஒரு கணம் கரண்டை இழந்தாலும் அணைந்து, மறுபடி ஸ்டார்ட் ஆகும் சத்தத்திலிருந்து தொடங்கும். கரண்ட் விட்டுப்போகும் கணத்தைத் தாங்கிக் கொடுக்கும் கீப் அலைவ் கெப்பாசிட்டர் இல்லாத டிசிசி என்ஜினை இந்தக் கரையோரத்துக்கு வாங்காமல் இருப்பது மேல். சத்தமே வேண்டாம் என்பவர்களுக்கு டிசியே போதும். அதைப் பழசு என்று ஒதுக்கத் தேவையில்லை.

ராமேஸ்வரம் பாதையின் மீட்டர் கேஜ் காலத்து ஒய்பி நீராவி என்ஜினையும் ஒய்டிஎம்-4 டீசலையும் விரும்புகிறவர்களுக்கு இன்று 3டி பிரின்ட் பெரிய உதவி. 1000 மி.மீ.யை 87ஆல் வகுத்தால் 11.5 வரும். அதனால் 12 மி.மீ. தண்டவாளத்தில், அதே 12 மி.மீ. தண்டவாளத்தில் ஓடும் டிடி என்ற சிறிய மாடல் அளவு என்ஜினின் அடிப்பகுதியில் பிரின்ட் செய்த உடலை மாட்டுகிறார்கள். உடல் பிஎல்ஏ என்ற பிரின்ட் பிளாஸ்டிக் என்றால் 60 டிகிரி செல்சியஸ் அருகிலேயே இளகும். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தால் கூரை தொய்ந்துவிடும். பிஇடிஜி என்ற இன்னொரு பிளாஸ்டிக் நின்று பிடிக்கும்.

பாம்பன் பாலம் இல்லாமல் இங்கே யாரும் லேஅவுட் போடுவதில்லை. 1914இல் திறந்த பழைய பாலத்தை முழுசாக ஹெச்ஓவில் செய்தால் 24 மீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். அதற்கு வீடு போதாது. நடுவில் இரண்டு கதவு போல மேலே திறக்கும் ஷெர்சர் தூக்குப் பகுதி சுமார் 75 செ.மீ., 40 அடி கர்டர் ஒன்று 14 செ.மீ. இருபுறமும் ஐந்தைந்து கர்டர் வைத்தால் 8 அடிப் பலகையில் அடங்கி, கரை சேரவும் கொஞ்சம் இடம் மிஞ்சும். பாலம் திறந்திருக்கும்போது இருபக்கமும் ஒரு என்ஜின் நீளத்துக்குத் தண்டவாளக் கரண்ட் தானாக அறுந்துபோக மைக்ரோ ஸ்விட்ச் கட்டாயம்.

2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தின், அப்படியே நேராக மேலெழும் 72.5 மீட்டர் தூக்குப் பகுதி ஹெச்ஓவில் 83 செ.மீ. ஆகும். 17 மீட்டர் உயர்வு இங்கே 19.5 செ.மீ. இதில் இரண்டு முனைக்கும் தனித்தனி மோட்டார் வைப்பவர்கள்தான் அதிகம் சிக்கிக்கொள்கிறார்கள். ஒரு முனை 2 மி.மீ. முந்தினாலும் பாலம் கோணி வழித்தடத்தில் இறுகிவிடும். ஒரே மோட்டார், இரு கோபுரங்களையும் இணைக்கும் ஒரே ஷாஃப்ட், அதில் ஒரே விட்டமுள்ள சுருள் உருளைகள். கயிற்றுக்கு இரும்புக் கம்பியை விடப் பின்னிய தூண்டில் நூல் மேல். துருவும் பிடிக்காது, மண்டபத்தில் தேடியலையவும் வேண்டாம்.