செங்கோட்டைப் பக்கத்துப் பழைய புகைப்படங்களை நகலெடுக்க: ஸ்கேனரா, போன் கேமராவா?

சட்டகத்திலிருந்து தனியாக வரும், வளையாத படம் என்றால் ஸ்கேனர்தான். 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) வைத்தால் 4×6 அங்குலப் படம் 2400×3600 புள்ளிகளாகக் கிடைக்கும். பாஸ்போர்ட் அளவுக்கு 1200 வையுங்கள். கருப்பு வெள்ளை ஆனாலும் கலரிலேயே எடுத்து தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாகச் சேமியுங்கள். மங்கிய பழுப்பும் கறையும் அப்போதுதான் பின்னால் பிரித்துச் சரிசெய்ய வரும்.

ஆனால் நம் ஊர்ச் சாரல் காற்றில் பல படங்கள் கண்ணாடியோடு ஒட்டிப் போயிருக்கும். ஈரத்தில் படத்தின் மேலுள்ள ஜெலட்டின் படலம் இளகிப் பிடித்துக்கொள்வதால் வருவது இது. உரித்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும், தயவுசெய்து தொடாதீர்கள். இங்கே போன்தான் கைகொடுக்கும். இரு பக்கமும் 45 டிகிரியில் விளக்கு, பிளாஷ் வேண்டாம், கருப்புத் துணிக்குப் பின்னால் நின்று எடுத்தால் பிம்பம் விழாது. மிக நெருங்கினால் ஓரம் வளையும். சற்றுத் தள்ளி 2 மடங்கு ஜூம் போதும்.

படம் ஒட்டிய அட்டையில் அழுத்திப் பதித்த ஸ்டூடியோ பெயருக்கும் போனே மேல். ஒரே விளக்கைப் பக்கவாட்டில் தாழ வைத்தால் எழுத்து நிழலோடு எழும்பும். ஸ்கேனரில் அது தட்டையாகிவிடும். அதில் 'திருவிதாங்கூர்' என்றிருந்தால் நல்ல துப்பு: திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்த செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-இல்; படம் அதற்கு முந்தையதாக இருக்கலாம். மிச்ச அட்டையைப் பிறகும் பயன்படுத்தியிருக்கலாம் என்பதால், பின்பக்க எழுத்தையும் கட்டாயம் எடுத்து வையுங்கள்.