தி லேடிகில்லர்ஸ் (1955) 4கே வட்டு: பின்வரிசை முகங்களுக்காக வாங்க வேண்டியது

பிரிட்டனின் ஈலிங் ஸ்டுடியோ எடுத்த நகைச்சுவைப் படம் ‘தி லேடிகில்லர்ஸ்’ 1955 டிசம்பரில் லண்டனில் வெளியானது. 65 ஆண்டுகள் கழித்து, 2020-இல், ஸ்டுடியோகனால் நிறுவனம் அதை மூல நெகட்டிவிலிருந்து 4கே தரத்தில் புதுப்பித்து அல்ட்ரா எச்டி வட்டாகக் கொண்டுவந்தது. டிவிடியும் புளூ-ரேயும் ஏற்கெனவே இருக்கும்போது இதற்கு மறுபடி காசு கொடுக்கலாமா? தாராளமாகக் கொடுக்கலாம். அதற்குக் காரணம் கொள்ளைக் கும்பலின் தலைவராக நடித்த அலெக் கின்னஸ் அல்ல. அவர் எவ்வளவு மோசமான பிரதியிலும் தெரிந்துவிடுவார். அவருக்குப் பின்னால் நிற்பவர்கள்தான் காரணம்.

போருக்குப் பிந்தைய பிரிட்டிஷ் நகைச்சுவைப் படங்களைத் தாங்கி நிற்பவர்கள் குணச்சித்திர நடிகர்கள். அவர்களுடைய வேலை முழுவதும் சின்ன அளவில் நடக்கும்: தூக்கிய ஒரு புருவம், தொப்பியின் விளிம்பைத் தொடும் விரல், வாக்கியத்தின் முடிவில் இறங்கும் குரல். மங்கிய பிரதியில் முதலில் அழிவதும் இவைதான். எனவே இந்த வட்டை மதிப்பிடப் பார்க்க வேண்டியது மூன்று: சட்டகத்தின் ஓரம், நிழலுக்குள் இருக்கும் முகம், பேச்சின் வேகம்.

கதை தெரியாதவர்களுக்கு மட்டும்: கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையத்தருகே சாய்ந்து நிற்கும் வீட்டில் தனியாக வாழும் விதவை மிஸஸ் வில்பர்ஃபோர்ஸ், மாடியறையை வாடகைக்கு விடுகிறார். குடிவரும் பேராசிரியர் மார்க்கஸும் (கின்னஸ்) கூட்டாளிகள் நால்வரும் தங்களை நரம்பிசைக் குழு என்று சொல்லிக்கொள்கிறார்கள். கிராமபோனில் இசையமைப்பாளர் பொக்கெரினியின் மினுவெட் நடன இசையை ஓடவிட்டு, 60,000 பவுண்டு கொள்ளைக்குத் திட்டம் போடுகிறார்கள். எழுதியவர் வில்லியம் ரோஸ், இயக்கியவர் அலெக்சாண்டர் மெக்கெண்ட்ரிக். இதற்கு மேல் கதையைச் சொல்லக் கூடாது.

அந்த மூதாட்டியாக நடித்த கேட்டி ஜான்சன் 1878-இல் பிறந்தவர். வாழ்நாள் முழுவதும் சிறு வேடங்களிலேயே இருந்தவருக்கு இந்தப் படம் பிரிட்டிஷ் அகாடமியின் சிறந்த பிரிட்டிஷ் நடிகை விருதை வாங்கித் தந்தது. 1957-இல் இறந்துவிட்டார். சிரிக்க வைக்க வேண்டும் என்ற முயற்சியே அவரிடம் இல்லை. மற்ற ஐந்து பேரும் பதறிக்கொண்டிருக்க, அவர் விருந்தாளிக்குத் தேநீர் வேண்டுமா என்று கேட்கிற அதே அக்கறையோடு எல்லாவற்றையும் கேட்கிறார். பழைய பிரதிகளில் அவருடைய வெளிறிய முகம் பெரும்பாலும் வெண்மையாகக் கரைந்துவிடும். இந்த வட்டில் தோலின் சுருக்கமும் கண்ணின் ஈரமும் தெரிகின்றன. திருட்டுப் பணத்தைத் திருப்பித் தர வேண்டாம், காப்பீட்டு நிறுவனம் ஈடு செய்துவிடும், பாலிசி ஒன்றுக்கு ஒரு ஃபார்த்திங் (கால் பென்னி) கூடுதலாக விழும், அவ்வளவுதான் என்று பேராசிரியர் கணக்குச் சொல்லும் இடத்தைப் பாருங்கள். பேசுபவரை விட்டுவிட்டுக் கேட்பவரின் முகத்தைப் பார்த்தால்தான் அந்தக் காட்சி முழுமையாகும்.

மேஜராக வரும் செசில் பார்க்கர், ‘தி மேன் இன் த ஒயிட் சூட்’ படத்தில் (1951) ஆலை முதலாளியாக வந்தவர். மரியாதைக்குரிய மனிதனின் தைரியம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்துபோவதைக் காட்ட அந்நாளில் அவருக்கு நிகர் இல்லை. லூயியாக வரும் ஹெர்பர்ட் லோம் பிராகில் பிறந்தவர். தொப்பியின் நிழலிலேயே படம் முழுக்க நடிக்கிறார். அந்த நிழலுக்குள் கண் அசைவது 4கே-யில் தெரிகிறது, டிவிடியில் கறுப்புத் திட்டுதான் தெரியும். முரட்டு ஆளாக வரும் டேனி கிரீன், வீட்டுக்கார அம்மாளின் பெயரை நினைவில் வைக்க முடியாமல் ‘மிஸஸ் லாப்சைடட்’ என்கிறார். ‘ஒரு பக்கம் சாய்ந்தவர்’ என்று பொருள். வீடே சாய்ந்திருப்பதால் பெயர் பொருந்தியும் போகிறது. போரில் குண்டு விழுந்து நிலம் இறங்கியதால் சுவரில் படங்கள் நேராகத் தொங்குவதில்லை என்று அந்த அம்மாள் முன்பே விளக்கியிருப்பார்.

பீட்டர் செல்லர்ஸ் அப்போது வானொலி நகைச்சுவை நிகழ்ச்சியான ‘கூன் ஷோ’வின் குரலாகத்தான் பிரபலம். இங்கே பருத்த உடம்போடு, பெரும்பாலும் கும்பலின் விளிம்பில் நின்று மற்றவர்களைக் கவனிக்கிறார். அவரும் லோமும் பிற்காலத்தில் ‘பிங்க் பாந்தர்’ வரிசையில் இன்ஸ்பெக்டரும் மேலதிகாரியுமாக மோதிக்கொண்டவர்கள். அந்த இணையின் தொடக்கத்தை இங்கே பார்க்கலாம்.

காவல் நிலையக் காட்சிகள் வேறு வகையான விருந்து. சூப்பரின்டென்டென்ட்டாக வரும் ஜாக் வார்னர், 1950-இல் ‘தி புளூ லாம்ப்’ படத்தில் சுடப்பட்டு இறக்கும் காவலர் ஜார்ஜ் டிக்ஸன். 1955 ஜூலையில் பிபிசி அதே டிக்ஸனை உயிர்ப்பித்துத் தொலைக்காட்சித் தொடராக்கியது. ஐந்து மாதம் கழித்து இந்தப் படத்துக்கு வந்த ரசிகர்களுக்கு அந்த முகமே ‘நல்ல போலீஸ்’. வேறு அறிமுகம் தேவைப்படவில்லை. பக்கத்தில் சார்ஜென்டாக நிற்கும் ஃபிலிப் ஸ்டெய்ன்டன், ‘பாஸ்போர்ட் டு பிம்லிகோ’ படத்தின் (1949) காவலர். தெருவில் ஒரு குதிரையைச் சுற்றி நடக்கும் ரகளையில் தள்ளுவண்டிக்காரர் ஃபிராங்கி ஹவர்ட், டாக்சி ஓட்டுநர் கென்னத் கானர். சில நிமிடங்கள்தான், ஆனால் இருவரும் பின்னாளில் தனிப் பெயராக நின்றவர்கள். இப்படி முகம் தெரிந்தவர்களாகவே ஒரு தெருவை நிரப்புவது ஈலிங்கின் பலம்.

இனி நிறம். படம் மூன்று பட்டை டெக்னிகலரில் எடுக்கப்பட்டது, ஒளிப்பதிவு ஓட்டோ ஹெல்லர். கேமராவுக்குள் ஒரு பட்டகம் ஒளியைப் பிரித்து, சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுக்கு மூன்று தனித்தனிக் கறுப்புவெள்ளை நெகட்டிவ்களில் பதியும். நெகட்டிவில் சாயமே இல்லாததால் நிறம் வெளுக்க வழியில்லை. அதே காலத்து ஒற்றைப்பட்டை வண்ண நெகட்டிவ்கள் பல வெளுத்துப்போக, இது நின்றதற்குக் காரணம் இதுதான். சிக்கல் வேறு இடத்தில் வரும்: மூன்று பட்டைகளும் காலப்போக்கில் வெவ்வேறு அளவில் சுருங்கும். அப்படியே ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் தொப்பி விளிம்பிலும் கறுப்புக் குடையின் ஓரத்திலும் சிவப்பு, பச்சைக் கோடுகள் எட்டிப் பார்க்கும். தனித்தனியாக ஸ்கேன் செய்து கணினியில் பொருத்தினால்தான் முகம் கூர்மையாகும். இந்தப் புதுப்பிப்பில் அந்தப் பொருத்தம் நன்றாக அமைந்திருக்கிறது. ரயில் நீராவியின் வெண்மையில் படலம் படலமாக நுணுக்கம் இருக்கிறது. ஒரு காட்சி கரைந்து அடுத்தது எழும் இடங்களில் படம் சற்று மென்மையாகி, மணல்துகள் போன்ற கிரெய்ன் கூடும். அது வட்டின் குறை அல்ல. அந்நாளில் அந்த மாற்றங்களை மறுநகலில் செய்ததால் வருவது.

பேச்சின் வேகம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய பிரிட்டிஷ் டிவிடிகளில் பலர் கவனிக்காத இழப்பு இதுதான். திரைப்படம் நொடிக்கு 24 சட்டகம். பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் பால் (PAL) முறையில் அமைந்த டிவிடி நொடிக்கு 25. எனவே படம் 4 சதவீதம் வேகமாக ஓடும். 91 நிமிடப் படம் 87 நிமிடத்தில் முடிந்துவிடும். சரிசெய்யாவிட்டால் சுருதியும் அரைத்தொனிக்குச் சற்றுக் குறைவாக ஏறும். சண்டைப் படத்தில் இது உறைக்காது. செசில் பார்க்கர் தொண்டையைச் செருமிவிட்டு வாக்கியத்தை விழுங்கும் இடத்தில் நன்றாகவே உறைக்கும், அந்தத் தயக்கத்தின் நீளம்தான் நகைச்சுவை. 4கே வட்டில் 24 சட்டக வேகமே இருப்பதால் குரல்கள் உரிய இடத்துக்கு வந்துவிடுகின்றன.

தொலைக்காட்சியில் செய்ய வேண்டியவை: அசைவை மென்மையாக்கும் வசதியை முழுவதும் அணையுங்கள், அது இருந்தால் படம் மேடை நாடகத்தின் வீடியோ போல ஆகிவிடும். ஃபிலிம்மேக்கர் அல்லது சினிமா பயன்முறை போதும். திரையின் இரு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தால் இழுத்து நிரப்பாதீர்கள், ஜூம் போடவும் கூடாது. மேலும் கீழும் வெட்டுப்பட்டால் இந்தச் சாய்ந்த வீட்டின் உட்கூரையும் தொப்பிகளும் போய்விடும். எச்டிஆர், அதாவது ஒளிக்கும் இருளுக்கும் இடையிலான வீச்சு கூடிய படமுறை, என்பதால் வெளிச்சமான அறையில் இரவுக் காட்சிகள் இருண்டு தெரியும். விளக்கைக் குறைத்துப் பாருங்கள். ஒலி மோனோ. சவுண்ட்பாரில் சுற்றொலி விளைவைப் போட்டால் மூடிய கதவுக்குப் பின்னால் ஒலிக்கும் கிராமபோன் அறை முழுக்கப் பரவி, மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் உள்ள தூரமே அழிந்துவிடும். தமிழ் வசனவரி கிடையாது. லண்டன் கொச்சை பழகாதவர்கள் ஆங்கில வசனவரியை வைத்துக்கொள்வது நல்லது.

வாங்குமுன் மண்டலம், அதாவது வட்டு எந்த நாட்டுக் கருவிகளில் ஓடும் என்ற குறி, பார்க்க வேண்டும். 4கே வட்டுக்கு மண்டலப் பூட்டு இல்லை, எங்கும் ஓடும். பிரிட்டிஷ் பெட்டியோடு வரும் புளூ-ரே வட்டு பி மண்டலம். இந்தியாவும் இலங்கையும் சி; சிங்கப்பூர், மலேசியா, கனடா, அமெரிக்கா ஏ; பிரிட்டன், ஐரோப்பா, ஆஸ்திரேலியா பி. கருவி 4கே ஓட்டுமா என்பதும் முக்கியம். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸும் வட்டு செருகும் பிளேஸ்டேஷன் 5-உம் ஓட்டும், பிளேஸ்டேஷன் 4 ஓட்டாது. இணையக் கடையில் 2004-இல் வந்த அமெரிக்க மறு ஆக்கமும் இதே பெயரில் நிற்கிறது, ஆண்டைச் சரிபாருங்கள்.

கூடுதல் பகுதிகளில் படம் ஓடும்போதே அதைப் பற்றிப் பேசும் ஃபிலிப் கெம்ப்பின் பின்னணி உரையை முதலில் கேளுங்கள். மெக்கெண்ட்ரிக்கைப் பற்றி நூல் எழுதியவர் அவர், யார் எந்தச் சட்டகத்தில் எதற்காக நிற்கிறார்கள் என்று தெரிந்து பேசுகிறார். ‘ஃபாரெவர் ஈலிங்’ ஆவணப்படம் பொதுவான அறிமுகம்தான். அதற்குக் குரல் கொடுத்த டேனியல் டே லூயிஸ், ஈலிங்கை நடத்திய மைக்கேல் பால்கனின் பேரன்.

4கே தொலைக்காட்சி இல்லாதவர்கள் இந்தப் பெட்டிக்காகக் கருவி மாற்ற வேண்டியதில்லை, புளூ-ரே போதும். பால் டிவிடியை மட்டும் தவிர்த்துவிடுங்கள். இந்த முகங்கள் பிடித்துப்போனால் அடுத்து ‘தி ஹேப்பியஸ்ட் டேஸ் ஆஃப் யுவர் லைஃப்’ (1950). ஆண்கள் பள்ளிக்குள் பெண்கள் பள்ளி ஒன்று தவறுதலாக வந்து இறங்கிவிடும் கதை. இரண்டு தலைமை ஆசிரியர்களாக அலஸ்டர் சிம்மும் மார்கரெட் ரூதர்ஃபோர்டும் எதிரெதிரே நிற்க, ஜாய்ஸ் கிரென்ஃபெல்லும் ரிச்சர்ட் வாட்டிஸும் பின்வரிசையில் நிற்கிறார்கள்.