எம்சிஎம்/70-ஆ, ஐபிஎம் 5100-ஆ: ஏபிஎல் எதில் நன்றாக ஓடியது?

இந்த இரண்டு சிறு கணினிகளிலும் ஏபிஎல் என்ற நிரல்மொழி ரோமிலேயே (படிக்க மட்டுமான நினைவகம்) இருந்தது. கனடாவின் எம்சிஎம்/70-ல் (1974) இன்டெல் 8008 செயலி, அதிகபட்சம் 8 கேபி ரேம், ஒரே வரித் திரை. 5100-க்கு (1975) ஐபிஎம் புதிதாக ஏபிஎல் எழுதவில்லை. அதன் பாம் (PALM) செயலியை ஐபிஎம்மின் பெரிய கணினியான சிஸ்டம்/360 போல நடக்கவைத்து, அந்தப் பெரிய கணினியின் ஏபிஎல்லையே ஓட்டியது. அருமையான யோசனை, வேகம்தான் அடிவாங்கியது. ரேம் 16 முதல் 64 கேபி.

100 வரையான பகா எண்களை ஒரே ஏபிஎல் வரியில் எடுக்க, 1 முதல் 100 வரை ஒவ்வொரு எண்ணையும் 1 முதல் 100 வரை ஒவ்வொன்றாலும் வகுத்துக் கிடைக்கும் மீதிகளின் 100×100 அட்டவணை வேண்டும். எண்ணுக்கு 4 பைட் வீதம் 40,000 பைட்: 64 கேபி 5100-ல் அடங்கும், 16 கேபியில் நினைவகம் நிரம்பிப் பிழை வரும். எம்சிஎம்/70-ல் எண்ணுக்கு 1 பைட் வைத்தாலும் 10,000 பைட், இடம் போதாது. கேசட்டை மெய்நிகர் நினைவகமாக்கும் வசதி அதில் உண்டு, ஆனால் டேப் சுற்றும்வரை காத்திருக்க வேண்டும். அட்டவணையை விட்டுவிட்டு, எண்ணுக்கு எண் 100 மீதிகளை மட்டும் எடுத்துச் சோதித்தால் இரண்டிலுமே வேலை முடியும்.