வீட்டு சர்வர் வாங்கப் போகிறவர்களுக்கு எச்சரிக்கை: என் இரண்டு மாதச் சம்பளம் போன விதம்

என் இரண்டு மாதச் சம்பளம் முழுவதையும் ஒரு கடை ஏமாற்றிப் பறித்துக்கொண்டது. திரைப்படங்கள், இசை, குடும்பப் புகைப்படங்கள் எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேமித்து வீட்டில் உள்ள அத்தனை திரைகளுக்கும் வழங்க வேண்டும், அதே இயந்திரத்தில், ஒரு கணினிக்குள் பல கணினிகளை இயக்க உதவும் பிராக்ஸ்மாக்ஸ் என்ற மென்பொருளை நிறுவிச் சில விர்ச்சுவல் மெஷின்களையும் ஓட்ட வேண்டும் என்று சொல்லி, அதற்கு அவர்கள் கேட்ட விலையை ஒரு காசு குறையாமல் கட்டினேன். வந்து சேர்ந்ததோ எவரோ ஆண்டுக்கணக்கில் ஓட்டிக் கழித்த ஹார்டு டிஸ்க்குகளும், நான் கேட்காத பிராசசரும்தான். புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. சர்வர் பாகங்களை இணையத்தில் விற்பதோடு, வாடிக்கையாளரின் தேவையைக் கேட்டறிந்து, தாங்களே பொருத்தி, சோதித்து அனுப்புவதாகச் சொல்லிக்கொள்ளும் வகைக் கடை அது. அத்தகைய கடையில் பணம் கட்டத் தயாராக இருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள்.

என் தேவையில் எந்தக் குழப்பமும் இருக்கவில்லை. என்னிடம் உள்ள வீடியோக்களில் பெரும்பகுதி 4கே தரத்தில், 10 பிட் எச்இவிசி முறையில் சுருக்கப்பட்டவை. பழைய டிவியும் கைப்பேசியும் அவற்றை நேரடியாக ஓட்ட முடியாதபோது, சர்வரே அந்த நொடியில் அவற்றை வேறு வடிவத்துக்கு மாற்றித் தர வேண்டும். இந்த டிரான்ஸ்கோடிங் வேலையைப் பிராசசரின் கோர்களிடம் விட்டால் அவை திணறிவிடும். ஆனால் இன்டெல் பிராசசர்களுக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் பகுதியின் குயிக் சிங்க் வசதி, குறைந்த மின்சாரத்தில் இதை அலட்டிக்கொள்ளாமல் செய்துவிடும். குயிக் சிங்க் 2011-லேயே வந்துவிட்டது என்றாலும், 10 பிட் எச்இவிசி-யை முழுமையாகக் கையாளுவது ஏழாம் தலைமுறையிலிருந்துதான். எனவே ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட் கொண்ட ஐ5-12400 போதும் என்று முடிவு செய்திருந்தேன். அதனுடன் 64 ஜிபி ராம், 12 டெரா பைட் ஹார்டு டிஸ்க் நான்கு, அந்த டிஸ்க்குகளை இணைக்க, அவற்றைத் தானே தொகுக்காமல் அப்படியே காட்டும் ஐடி மோட் ஃபர்ம்வேர் ஏற்றிய எச்பிஏ கார்டு (டிஸ்க் இணைப்புக் கார்டு) ஒன்று. பிராசசரின் விடி-டி வசதியைப் பயன்படுத்தி அந்தக் கார்டை அப்படியே சேமிப்புக்கான விர்ச்சுவல் மெஷினிடம் ஒப்படைத்துவிட்டால், தரவைச் சேமித்துப் பிழை பார்க்கும் கோப்பு முறைமையான இசட்எஃப்எஸ், டிஸ்க்குகளை நேரடியாகப் பார்த்துக்கொள்ளும். இவ்வளவையும் எழுதி அனுப்பியிருந்தேன்.

நான் அவர்களை நம்பிய கணத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மோசடியின் வேர் அங்கேதான் இருக்கிறது. அவர்கள் விலையைக் குறைத்துக் காட்டி என்னை இழுக்கவில்லை. விஷயம் தெரிந்தவர்களாகப் பேசி இழுத்தார்கள். விற்பனைப் பிரிவில் இருந்தவர் நான் கேட்காமலேயே எஸ்எம்ஆர் டிஸ்க்குகளைப் பற்றி எச்சரித்தார். கூரையில் ஓடு வேய்வது போல ஒரு தடத்தின் மேல் அடுத்த தடம் பாதி ஏறி நிற்கும்படி எழுதுவதால் அவற்றில் மறு எழுத்து மெதுவாகும், பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்க்கும் ரெய்டு தொகுப்பில் ஒரு டிஸ்க்கை மாற்றும்போது அது பெரும் தொல்லையாகிவிடும், 2020-இல் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில் 2 முதல் 6 டெரா பைட் வரையிலான சில டிஸ்க்குகள் இந்த வகை என்பது முன்கூட்டித் தெரிவிக்கப்படாமல் விற்கப்பட்டது தெரியவந்து பெரிய சர்ச்சை ஆனது என்றெல்லாம் சரியாகவே சொன்னார். "உங்களுக்கு சிஎம்ஆர் டிஸ்க் மட்டும்தான் தருவோம் சார், அதுவும் டேட்டா சென்டர் தரத்தில், புத்தம் புதியது" என்று எழுதினார். சிஎம்ஆர் என்றால் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத வழக்கமான வகை.

அத்தோடு நிற்கவில்லை. "பிராசசர் வாங்கும்போது எண்ணுக்குப் பின்னால் எஃப் என்ற எழுத்து இருந்தால் தொடாதீர்கள், அதில் கிராபிக்ஸ் கிடையாது, உங்கள் வீடியோ வேலை நடக்காது" என்று அவரே எனக்கு அறிவுரை சொன்னார். அந்த உரையாடல் இப்போதும் என்னிடம் இருக்கிறது. பொருத்துவதற்கு முன்பு, 12400 என்ற எண் பளிச்சென்று தெரியும்படி பிராசசரின் புகைப்படத்தையும், ஓடிய நேரம் வெறும் 9 மணி என்று காட்டும் ஹார்டு டிஸ்க்கின் ஸ்மார்ட் அறிக்கையையும் (டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்துவைக்கும் கணக்கு) அனுப்பினார். இவ்வளவு தெளிவாகப் பேசுபவரை, இவ்வளவு ஆதாரம் காட்டுபவரை யார் சந்தேகிப்பார்கள்? கார்டு மூலம் கட்டினால் உத்தரவாதம் ஓராண்டு, வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்பினால் மூன்றாண்டு என்ற சலுகையையும் வைத்திருந்தார்கள். கார்டு நிறுவனத்தின் வழியாகப் பணத்தைத் திரும்பக் கேட்கும் கதவை முன்கூட்டியே அடைப்பதற்கான ஏற்பாடு அது என்பது இப்போது விளங்குகிறது. என் இரண்டு மாதச் சம்பளம் அந்தக் கணக்குக்குப் போயிற்று.

பெட்டி வந்தது. பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினால் உள்ளே ஒரு சிறிய கிராபிக்ஸ் கார்டு உட்கார்ந்திருந்தது; நான் அதைக் கேட்கவே இல்லை. மதர்போர்டில் இருந்த ஒரே நீள ஸ்லாட்டை அது பிடித்துக்கொண்டிருந்ததால், அங்கே இருக்க வேண்டிய எச்பிஏ கார்டைக் குமிழித் தாளில் சுற்றிப் பெட்டியின் அடியில் போட்டிருந்தார்கள். டிஸ்க்குகள் நான்கும் மதர்போர்டின் சாட்டா முனைகளிலேயே செருகப்பட்டிருந்தன. "பொருத்தி, முழுமையாகச் சோதிக்கப்பட்டது" என்ற அச்சிட்ட சீட்டு மட்டும் உறையில் ஒழுங்காக இருந்தது.

பிராக்ஸ்மாக்ஸ் ஏறியது, வீடியோக்களைத் திரைகளுக்கு வழங்கும் ஜெல்லிஃபின் மென்பொருளும் ஏறியது. முதல் 4கே படத்தை டிவியில் போட்டதும் படம் விக்கி விக்கி நின்றது. பன்னிரண்டு த்ரெட்டும் நூறு சதவீதத்தில் கொதித்துக்கொண்டிருந்தன. பிசிஐ சாதனங்களின் பட்டியலில் இன்டெல் கிராபிக்ஸ் என்ற ஒன்றே இல்லை. பிராசசரின் முழுப் பெயரைக் கேட்டுப் பார்த்தால் 12400எஃப். எதைத் தொடாதீர்கள் என்று அவர் எனக்கு எழுதினாரோ அதையேதான் அனுப்பியிருக்கிறார்கள். திரையில் எதுவும் தெரியாவிட்டால் உடனே பிடிபட்டுவிடும் என்பதற்காகத்தான் அந்தச் சிறிய கார்டு. அது ஜிடி 710. என்விடியாவின் பழைய கெப்ளர் காலத்துச் சரக்கு. எச்இவிசி வீடியோவைப் பிரித்துப் படிக்கும் திறன் அதன் வன்பொருளில் கிடையாது. ஆக வீடியோ வேலையும் நடக்காது, ஸ்லாட் போய்விட்டதால் டிஸ்க்குகளைக் கார்டோடு சேர்த்து விர்ச்சுவல் மெஷினிடம் ஒப்படைக்கும் வேலையும் நடக்காது. நான் எந்த இரண்டு காரியங்களுக்காக இந்த சர்வரை வாங்கினேனோ அந்த இரண்டையும் ஒரே அடியில் வீழ்த்திவிட்டார்கள்.

ஆனால் பெரிய அயோக்கியத்தனம் டிஸ்க்குகளில் இருந்தது. புகைப்படங்களை நகலெடுத்துக்கொண்டிருந்தபோதே ஒரு டிஸ்க்கில் படிப்புப் பிழை வருவதாக இசட்எஃப்எஸ் சொன்னது. ஸ்மார்ட் அறிக்கையை எடுத்தேன். ஓடிய நேரம் நூறு மணியைக்கூடத் தொடவில்லை. ஆனால் படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்களைக் குறிக்கும் 197-ஆம் வரி பூஜ்யத்தில் இல்லை, நான் பார்க்கப் பார்க்கவே ஏறியது. பிறந்து சில நாளே ஆன டிஸ்க் இப்படிச் சாகாது. அதன் பிறகுதான் ஃபார்ம் என்ற பதிவேட்டைத் தேடிப் போனேன். சீகேட் டிஸ்க்குகள் வழக்கமான ஸ்மார்ட் எண்களுக்கு அப்பால் தங்களுக்குள் தனியாக எழுதிவைத்திருக்கும் கணக்கு அது, ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற டிஸ்க் சோதனை மென்பொருளின் 7.4 பதிப்பிலிருந்து, அதாவது 2023 முதல், அதன் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையைக் கொண்டு எவரும் அதைப் படிக்கலாம். ஓடிய நேரம் என்ற வரிக்கு நேரே 31 ஆயிரத்தைத் தாண்டிய எண் நின்றது. ஓராண்டு என்பது 8,760 மணி நேரம். அப்படியானால் அந்த டிஸ்க் மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் இரவு பகலாக எங்கோ சுழன்றுகொண்டிருந்திருக்கிறது. மற்ற மூன்றையும் பார்த்தேன். அவையும் முப்பதாயிரத்தை ஒட்டியே இருந்தன. கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் திருகுத் துளைகளின் ஓரத்தில் வண்ணம் தேய்ந்து உலோகம் தெரிகிறது, சாட்டா இணைப்பின் தங்க நிறத் தகடுகளில் செருகி எடுத்த கீறல்கள் கோடுகோடாக இருக்கின்றன. தயாரிப்பாளரின் உத்தரவாதச் சரிபார்ப்புப் பக்கத்தில் வரிசை எண்ணை இட்டால், உத்தரவாதம் எப்போதோ முடிந்துவிட்டது என்று வருகிறது. இதைத்தான் "புத்தம் புதியது" என்று விற்று என் இரண்டு மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டார்கள்.

இது எனக்கு மட்டும் நேர்ந்த விபத்து அல்ல. 2025 தொடக்கத்தில் ஜெர்மனியின் ஹைசே ஊடகம், புதியவை என்று விற்கப்பட்ட சீகேட் எக்ஸோஸ் டிஸ்க்குகளில் பல உண்மையில் பயன்படுத்தப்பட்டவை என்பதை வெளிக்கொண்டு வந்தது. ஸ்மார்ட் எண்கள் அழிக்கப்பட்டிருந்தன, ஃபார்ம் பதிவேடு மட்டும் உண்மையைச் சொன்னது. சியா என்ற மெய்நிகர் நாணயத்துக்காக ஓட்டித் தள்ளிய டிஸ்க்குகள் அவற்றில் இருந்திருக்கலாம் என்ற ஐயமும் அப்போது எழுந்தது. என்னுடையவை எங்கே ஓடியவை என்று எனக்குத் தெரிய வேண்டியதில்லை. கடைக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஏனெனில் எண்ணை அழித்தவர்கள் தற்செயலாக அழித்திருக்க முடியாது. அழித்த எண்ணைப் படம் பிடித்து ஆதாரமாக எனக்கு அனுப்பியவர்களும் அவர்களே.

இதற்கெல்லாம் கிடைத்த பதில்களைக் கேளுங்கள். பயாஸில் உள் கிராபிக்ஸ் முடக்கப்பட்டிருக்கும், இயக்கிப் பாருங்கள் என்பது முதல் பதில். இல்லாத ஒன்றை எப்படி இயக்குவது என்று கேட்டதும் ஆள் மாறினார். புதியவர், இரண்டு பிராசசர்களும் வேகத்தில் சமம், கிராபிக்ஸ் கார்டைக் கூடுதல் விலை இல்லாமல் சேர்த்திருக்கிறோம், எனவே இது உங்களுக்கு லாபம்தான் என்று எழுதினார். டிஸ்க் விஷயத்தில் இன்னும் மோசம். "மூன்றாம் தரப்பு மென்பொருள் காட்டும் எண்ணை நிறுவனம் ஏற்பதில்லை" என்றார்கள். அவர்கள் எனக்கு அனுப்பிய 9 மணி நேர அறிக்கை அதே ஸ்மார்ட்சிடிஎல்லில் எடுத்ததுதான். திருப்பி அனுப்பலாம், அனுப்பும் செலவு உங்களுடையது, ஆய்வுக்குப் பிறகு முடிவு சொல்வோம், முடிவு எதுவானாலும் கையாளும் கட்டணத்தைக் கழித்துக்கொள்வோம் என்று ஒரு பதில். தரவு ஏற்றிவிட்ட டிஸ்க்கைத் திரும்பப் பெறுவதில்லை என்று இன்னொரு பதில். தரவு ஏற்றாமல் டிஸ்க்கை எப்படிச் சோதிப்பது என்பதற்கு விளக்கம் இல்லை. என்னிடம் அவ்வளவு பக்குவமாகப் பேசிய விற்பனையாளரைத் தேடிப் பிடித்துக் கேட்டபோது, "நான் விற்பனைப் பிரிவு மட்டும் சார், இது சர்வீஸ் பிரிவின் பொறுப்பு" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார். மறுபடி எழுதினேன், புகார் எண் "தீர்க்கப்பட்டது" என்ற குறிப்போடு மூடப்பட்டது. அதற்குள் அவர்களின் பக்கத்தில் அந்த டிஸ்க்குக்கு நேரே இருந்த "புதியது" என்ற சொல் "புதியது போன்றது" என்று சத்தமில்லாமல் மாறியிருந்தது. பழைய பக்கத்தின் படம் என்னிடம் இருப்பதால்தான் புகாரை மேலே கொண்டுபோக முடிந்திருக்கிறது. பணம் இன்னும் வரவில்லை. இரண்டு மாதச் சம்பளம், என் உழைப்பு, இன்னும் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

எந்தப் பாகத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். இப்போது அதற்கு மனம் ஒருநிலைப்படவில்லை. அவசியமானதை மட்டும் சொல்கிறேன். கடை அனுப்பும் புகைப்படமும் அறிக்கையும் உங்கள் பொருளினுடையவை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வரிசை எண்ணோடு சேர்த்துக் கேளுங்கள், அந்த எண்ணைப் பணம் கட்டும் முன்பே தயாரிப்பாளரின் பக்கத்தில் இட்டுப் பாருங்கள். வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள், எந்தச் சலுகை கொடுத்தாலும் சரி. பொருள் விவரப் பக்கத்தை வாங்கும் நாளிலேயே படம் எடுத்து வையுங்கள். பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். இயந்திரத்தை இயக்கியதும் பிராசசரின் முழுப் பெயரை, கடைசி எழுத்து வரை, சரிபாருங்கள். சீகேட் டிஸ்க் என்றால் ஃபார்ம் பதிவேட்டையும் ஸ்மார்ட் எண்ணையும் அருகருகே வைத்துப் பாருங்கள், வித்தியாசம் இருந்தால் அந்த நிமிடமே திருப்பி அனுப்புங்கள். எந்த டிஸ்க்காக இருந்தாலும் ஸ்மார்ட்டின் நீண்ட சோதனையை முழுதாக ஓட்டி முடிக்காமல் ஒரு புகைப்படத்தைக்கூட அதில் ஏற்றாதீர்கள். 12 டெரா பைட் டிஸ்க்குக்கு அது கிட்டத்தட்ட ஒரு நாள் பிடிக்கும்; திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் நான்கையும் ஒரே நேரத்தில் ஓட்டி முடித்துவிடுங்கள்.