ஒற்றைக் கேள்வியா, கூறுகூறாகக் கேட்கும் வினாத்தாளா?

பணியாளர்களின் மனநிறைவை அளக்க, ‘இங்கே வேலைக்குச் சேரும்படி நண்பரிடம் சொல்வீர்களா?’ என்று கேட்டு 0 முதல் 10 வரை மதிப்பெண் வாங்கும் ஒற்றைக் கேள்வி விரைவானது, அடிக்கடி கேட்கலாம். ஆனால் 9, 10 கொடுத்தவர்களின் விழுக்காட்டிலிருந்து 6க்கும் அதற்குக் கீழும் கொடுத்தவர்களின் விழுக்காட்டைக் கழிக்கும் அந்தக் கணக்கில், மேலே 30, கீழே 10 என்றிருக்கும் அலுவலகமும் மேலே 50, கீழே 30 என்று பிளவுபட்டுக் கிடக்கும் அலுவலகமும் ஒரே 20ஐத்தான் பெறுகின்றன.

1969இல் வெளியான பணி விவரணக் குறியீடு என்ற வினாத்தாளோ வேலை, ஊதியம், பதவி உயர்வு, மேற்பார்வை, சக பணியாளர்கள் என ஐந்தையும் தனித்தனியே கேட்கிறது. சம்பளத்தில் குறையில்லாத ஒருவர் மேலாளரின் போக்கால் மனம் வெறுத்திருப்பது அதில்தான் தெரியவரும். நேரம் பிடிக்கும், பெயர் வெளியே வராது என்ற உறுதி இல்லாவிட்டால் பதில்கள் பூசிமெழுகியே வரும் என்றாலும், எதைச் சரிசெய்வது என்று உண்மையிலேயே அறிய விரும்பும் நிறுவனம் இதையே தேர்ந்தெடுக்க வேண்டும்.