குடும்பிமலையா, ராஜகலவா, உகந்தையா?

மட்டக்களப்புக்கு உறவினர் யாரும் வந்தால் நாங்கள் கூட்டிக்கொண்டு போவது பாசிக்குடா, கல்லடிப் பாலம், கோட்டை. எல்லாம் கரையோரம். மேற்கே வயல்வெளியைத் தாண்டி மொட்டையாக எழுந்து நிற்கும் பாறைகளை பஸ் ஜன்னலால் பார்த்ததோடு சரி. எனக்கு ஆசை அந்தப் பாறைகள் மேல்தான்.

எங்கள் காலடியில் இருப்பதைப் புவியியலாளர்கள் விஜயன் தொகுதி என்கிறார்கள். 100 கோடி ஆண்டுப் பழமையான கிரானைட் வகைப் பாறைகள், சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியா, ஆப்பிரிக்கா, அண்டார்டிக்கா எல்லாம் ஒன்றாயிருந்த கோண்டுவானாக் கண்டம் ஒன்றுசேர்ந்தபோது ஆழத்தில் வெந்து, நெரிந்து, வரிவரியான நைஸ் பாறைகளாகின. மேலே கிடந்த மண்ணும் கல்லும் அரிபட்டுப் போகப் போக அழுத்தம் குறைந்து, பாறை வெங்காயம் உரிவதுபோலத் தகடு தகடாக உரிகிறது. உரிந்த தகட்டின் அடியில் குகை பிறக்கிறது. அந்தக் குகையில்தான் மனிதன் வந்து தங்கினான். ஆகவே கல்லின் கதையையும் மனிதனின் கதையையும் ஒரே நடையில் காட்டும் இடம் குடும்பிமலை, ராஜகல, உகந்தை மூன்றில் எது என்பதே என் கேள்வி.

குடும்பிமலை கிரானுக்கு மேற்கே, 534 மீட்டர் உயரம். தலையில் முடிந்த குடும்பிபோல நிற்கிறது. வெள்ளைக்காரன் இதையே பிரபுவின் தொப்பி என்றான். சுற்றிவர இருந்ததெல்லாம் தேய்ந்து போக, வெடிப்புக் குறைந்த பகுதி மட்டும் எஞ்சி நிற்பதைப் படம் வரைந்து விளக்க இதைவிட நல்ல இடம் மாவட்டத்தில் இல்லை. ஆனால் அங்கே 2007 வரை நடந்த போரின் நினைவு மிக அருகில் இருக்கிறது. பழைய காலத்தைத் தேடிப் போகிறவருக்கு அதற்கு முந்தியதைச் சொல்லித்தர ஆளில்லை. மலைக்காகப் போகலாம், தொல்லியலுக்காகப் போனால் ஏமாற்றம்தான்.

ராஜகல அம்பாறையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர், மகாஓயாப் பாதையில். ஏறத்தாழ 1,000 ஏக்கர் காட்டுக்குள் 600க்கும் மேற்பட்ட சிதைவுகள். இலங்கைக்குப் பௌத்தத்தைக் கொண்டுவந்த மகிந்த தேரர், அவரோடு வந்த இட்டிய தேரர் இருவரின் தூபி இது என்று பழைய பிராமி எழுத்தில் சொல்லும் கல்வெட்டு இங்கேதான் இருக்கிறது. ஒரே கல்லில் குடைந்த பெரிய பாத்திரம் உண்டு. செதுக்கி முடிக்காமல் விட்ட புத்தர் சிலையும் உண்டு. நான் அதிக நேரம் நிற்பது அந்த முடியாத சிலையிடம். முடிந்த சிலையில் கல் மறைந்துவிடும், இதில் கல்லும் உளியும் இன்னும் பேசிக்கொண்டிருக்கின்றன.

அப்புறம் குகைகள். வாசலுக்கு மேலே விரல் தடிப்பில் ஒரு விளிம்பு வெட்டியிருப்பார்கள். மாணவர்கள் சிலரோடு போனபோது, எழுத்து எதுவும் இல்லாத ஒரு பாறையில் அதே மாதிரி விளிம்பு கண்டோம். போத்தல் தண்ணீரை மேலே மெதுவாக ஊற்றிக் காட்டினேன். பாறையை ஒட்டிப் பாம்புபோல வழிந்து வந்த நீர், விளிம்புக்கு வந்ததும் பிடி விட்டுச் சொட்டுச் சொட்டாக வெளியே விழுந்தது. உள்ளே ஒரு துளி போகவில்லை. விளிம்புக்குக் கீழே எழுத்து வெட்டினால் அது ஏன் 2,000 ஆண்டு நனையாமல் இருக்கிறது என்று அதற்குமேல் நான் விளக்கத் தேவைப்படவில்லை.

இதற்கு ஒரு துணை இடமும் கிடைக்கிறது: அதே பாதையில் மகாஓயா வெந்நீர்க் கிணறுகள். எரிமலை இல்லாத நாட்டில் வெந்நீர் எப்படி? விஜயன் தொகுதியும் மத்திய மலைநாட்டுப் பாறைகளும் சந்திக்கும் எல்லையோரம் இது. மழைநீர் ஆழமான வெடிப்புகளால் இறங்கிச் சூடாகித் திரும்பி வருகிறது. செங்கலடியால் போய் அம்பாறையால் திரும்பினால் ஒரே நாளில் இரண்டையும் பார்க்கலாம்.

உகந்தை வேறு மாதிரி. மட்டக்களப்பிலிருந்து 100 கிலோமீட்டருக்கு மேல், பொத்துவில், பாணமை தாண்டிக் கடலோரம். கதிர்காமத்துக்கு நடந்து போகும் அடியார்கள் தங்கி, காட்டுப் பாதை திறந்ததும் புறப்படும் இடம். மலையில் சுனைகள் உண்டு. சிறு பள்ளத்தில் மழைநீர் தேங்க, பாறையிலுள்ள பெல்ஸ்பார் என்ற கனிம மணிகள் மெல்ல மண்ணாகி, அடுத்த மழையில் அடிபட்டுப் போகப் பள்ளம் பெரிதாகிறது. என் அம்மம்மா அதில் கைநனைத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். எனக்கு அந்த விளக்கமும் வேண்டும், இந்தப் பக்தியும் வேண்டும். பக்கத்தில் குடும்பிகலப் (மேலே சொன்ன குடும்பிமலை அல்ல) பாறைத் துறவியர் குகைகளும், உச்சியில் உருளை வடிவத் தூபியும் இருக்கின்றன. முதியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து போக உகந்தைதான் நல்லது.

கல்லைப் படிக்க ஆசையுள்ளவருக்கு ஒரே ஒரு நாள் என்றால் நான் ராஜகல என்பேன். தொல்லியல் பலகை என்றாலே எங்கள் ஆட்களில் பலருக்குக் காணி பறிபோகும் பிரச்சினைதான் ஞாபகம் வரும், அந்தக் கவலை வெறும் கற்பனையும் அல்ல. அதனாலேயே அங்கே எங்கள் பிள்ளைகள் போக வேண்டும், பாறையிலிருந்து தொடங்கித் தமிழிலேயே சொல்லித்தரும் வழிகாட்டி வேண்டும் என்று விரும்புகிறேன்.

மார்ச்சுக்குப் பிறகு போங்கள், மழைக்காலத்தில் பாறை வழுக்கும். விடியற்காலையில் ஏறி, வெயில் கல்லில் ஏறமுன் இறங்கிவிடுங்கள். யானை நடமாடும் காடு, தனியாகப் போக வேண்டாம். எழுத்துள்ள பாறையில் மட்டும் தண்ணீர் ஊற்றவோ கை வைக்கவோ வேண்டாம்.