ஆறு ஆண்டுகளாகப் பயன்படுத்தும் கடவுச்சொல் பெட்டகமும் தீராத ஓர் எரிச்சலும்

சென்ற மாதம் என் அக்கா மகனின் விளையாட்டுக் கணக்கு களவு போனது. ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். இரண்டு ஆண்டுகளாக விடுமுறை நாட்களில் ஆடிச் சேர்த்த ஆடைகளும் ஆயுதங்களும் ஒரே இரவில் யாரோ ஒருவரின் கைக்குப் போய்விட்டன. மறுநாள் காலையில் அவன் தொலைபேசியில் கேட்டான்: "மாமா, நீங்க பாஸ்வேர்ட் எல்லாம் போட்டு வச்சிருக்கீங்களே, அந்த ஆப் எனக்கும் வாங்கித் தர்றீங்களா?" ஆறு ஆண்டுகளாக அதைப் பயன்படுத்தும் எனக்கு, உடனே சரி என்று சொல்ல வாய் வரவில்லை. கணக்குக்கு ஒரு கடவுச்சொல்லை உருவாக்கி, எல்லாவற்றையும் ஒரே முதன்மைக் கடவுச்சொல்லால் பூட்டி வைக்கும் கடவுச்சொல் பெட்டகம் அது. அந்தச் செயலிக்கு ஏழாம் ஆண்டுச் சந்தா கட்டச் சொல்லி அதே வாரத்தில் அறிவிப்பும் வந்திருந்தது. அவனுக்குச் சொல்ல வேண்டிய பதிலை முழுதாக யோசித்துப் பார்க்கவே இதை எழுதுகிறேன்.

நான் அதை வாங்கியதும் இதே போன்ற ஒரு களவுக்குப் பிறகுதான். 2019 நவம்பரில் ஒருநாள் அதிகாலை இரண்டரை மணிக்கு, என் விளையாட்டுக் கணக்கின் மின்னஞ்சல் முகவரி மாற்றப்பட்டுவிட்டதாக ஒரு கடிதம் வந்திருந்தது. நான் அதைப் பார்த்தபோது மணி ஆறு. அதற்குள் கடவுச்சொல்லும் தொலைபேசி எண்ணும் மாறியிருந்தன. அந்தக் கணக்கு என்னுடையதுதான் என்று நிறுவனத்திடம் மெய்ப்பிக்கப் பதினொரு நாட்கள் ஆயின. கடைசியில் கைகொடுத்தது, முதன்முதலில் அங்கே பணம் கட்டியதற்கான ரசீது. பழைய மின்னஞ்சல்களைத் தோண்டி அதை எடுத்து அனுப்பிய பிறகுதான் கணக்கு திரும்பக் கிடைத்தது, உள்ளே இருந்த பொருட்கள் கிடைக்கவில்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், அந்த நிறுவனத்தின் பூட்டை யாரும் உடைக்கவில்லை. எப்போதோ சேர்ந்து மறந்துபோன ஒரு சிறு தளத்திலிருந்து என் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் கசிந்திருந்தன, அதே இணையை நான் விளையாட்டிலும் வைத்திருந்தேன். கசிந்த பட்டியல்களை எடுத்து, ஒவ்வொரு இணையையும் நூற்றுக்கணக்கான தளங்களின் வாசலில் நிரல் வழியாகப் போட்டுப் பார்ப்பதே இந்தத் திருடர்களின் வேலை. அந்தப் பட்டியல்களுக்குப் பஞ்சமே இல்லை. 2009 டிசம்பரில் ராக்யூ என்ற நிறுவனத்திடமிருந்து 3 கோடியே 20 லட்சம் கடவுச்சொற்கள் எவ்வித மறையாக்கமும் (பிறர் படிக்க முடியாதபடி மாற்றி வைப்பது) இல்லாமல் வெளியே வந்தன. அவற்றுள் மிக அதிகம் பேர் வைத்திருந்தது '123456'. இன்றைக்கும் கடவுச்சொல் உடைக்கும் கருவிகளைக் கற்பவர்கள் முதலில் கையில் எடுப்பது அந்தப் பட்டியலைத்தான். நிறுவனத்தின் பூட்டே உடைந்த கதையும் உண்டு. 2011 ஏப்ரலில் சோனியின் பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கில் ஊடுருவியவர்களால் ஏறத்தாழ 7 கோடியே 70 லட்சம் கணக்குகளின் விவரங்கள் ஆபத்துக்குள்ளாயின. ஏப்ரல் 20 அன்று மூடிய சேவை மே மாத நடுவில்தான் படிப்படியாகத் திரும்பியது. 2013இல் பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் அந்நிறுவனத்துக்கு 2,50,000 பவுண்டு அபராதம் விதித்தது. அப்படிப்பட்ட நாளில் கணக்கு வைத்திருப்பவர் செய்யக்கூடியது எதுவுமில்லை. ஆனால் அங்கே வைத்த கடவுச்சொல்லை வேறு எங்கும் வைக்காதவருக்குச் சேதம் அந்த ஒரு வீட்டோடு நின்றுவிடும். பெட்டகம் எனக்குச் செய்துகொடுத்த பெரிய உதவி அதுதான்.

வாங்கிய முதல் மாலையில் என்னிடமிருந்த 63 கணக்குகளையும் அதில் ஏற்றினேன். சோதிக்கச் சொன்னதும் 41 வரிகள் சிவப்பாக மாறின. எல்லாவற்றிலும் ஒரே சொல், கடைசி எண் மட்டும் 1, 7, 99 என்று மாறியிருந்தது. அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கசிந்த சொற்களோடு என் சொல்லை ஒப்பிட்டுப் பார்க்கும்போது, என் சொல் வெளியே போகாமலே அது நடக்கிறது என்பதை அறிந்தபோது எனக்குண்டான மகிழ்ச்சியையும் இங்கே சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டிராய் ஹன்ட் 2013இல் தொடங்கிய 'ஹேவ் ஐ பீன் போன்ட்' சேவையின் முறை அது. கடவுச்சொல்லை 40 எழுத்து கொண்ட ஒரு குறியாக நம் கருவியிலேயே மாற்றி, அதன் முதல் ஐந்து எழுத்தை மட்டும் அனுப்புகிறார்கள். அந்த ஐந்தில் தொடங்கும் குறிகள் எல்லாம் திரும்பி வருகின்றன. மீதி முப்பத்தைந்தும் பொருந்துகிறதா என்று நம் கருவியே பார்த்துக்கொள்கிறது. கடைக்காரரிடம் முழு முகவரியைச் சொல்லாமல் தெருப்பெயரை மட்டும் சொல்லி, அந்தத் தெருவுக்கு வந்த கடிதங்களை எல்லாம் வாங்கி வந்து வீட்டில் பிரித்துப் பார்ப்பது போல இருக்கிறது அது.

கணினியிலும் கைபேசியிலும் இந்த ஆறு ஆண்டுகளில் எனக்குக் குறை எதுவும் இல்லை. எரிச்சல் முழுவதும் வரவேற்பறைத் தொலைக்காட்சியில்தான். நான் விளையாடுவது அங்கே, களவு போனதும் அந்தக் கணக்கு, ஆனால் பெட்டகம் தானாக நிரப்பாத ஒரே இடமும் அதுவே. திரையில் விசைப்பலகைப் படம் வரும். கையிலுள்ள கட்டுப்பாட்டுக் கருவியின் குமிழைத் தள்ளித் தள்ளி ஒவ்வோர் எழுத்தாக நகர வேண்டும். பெட்டகம் உருவாக்கிக் கொடுத்த 24 குறிகளில் பெரிய எழுத்துக்கு ஒருமுறை, குறியீட்டுக்கு ஒருமுறை, எண்ணுக்கு ஒருமுறை என்று பலகையை மாற்றிக்கொண்டே போக வேண்டும். கைபேசியில் பார்த்து அடிக்கலாம் என்றால், பெட்டகம் காட்டும் எழுத்துருவில் ஆங்கிலத்தின் பெரிய 'ஐ'யும் சிறிய 'எல்'லும் ஒரே கோடாகத் தெரிகின்றன. இரண்டுக்கும் வெவ்வேறு நிறம் கொடுத்தால் போதும், அதைக் கூடச் செய்யவில்லை. பாதி அடிக்கும்போதே பாதுகாப்புக்காகப் பெட்டகம் தானே பூட்டிக்கொள்கிறது. நீண்ட முதன்மைக் கடவுச்சொல்லை மறுபடி அடித்துத் திறந்து, எந்த எழுத்தில் விட்டோம் என்று தேட வேண்டியிருக்கிறது. பூட்டும் நேரத்தை அமைப்பில் கூட்டலாம்தான். ஆனால் தொலைக்காட்சியில் ஒருமுறை உள்நுழைவதற்காகப் பேருந்திலும் அலுவலகத்திலும் பெட்டகத்தைத் திறந்து வைத்திருக்க எனக்கு மனமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கு முறை தவறியதில் கணக்கே கால்மணி நேரம் முடங்கியது. அன்று அந்தக் கோபத்தில் கடவுச்சொல்லை எளிதான எட்டெழுத்துக்கு மாற்றிவிடலாம் என்று கட்டுப்பாட்டுக் கருவியோடு உட்கார்ந்தேன். ஆறு ஆண்டுகளில் நான் செய்யவிருந்த மிகப் பெரிய தவறு அதுதான், அதற்கு என்னைத் தள்ளியது எந்தத் திருடனும் அல்லன், இந்த எழுத்துருவே. நிறுவனத்துக்கு மூன்று முறை எழுதியும் எதுவும் மாறவில்லை.

வழியை நானே கண்டுபிடித்துக்கொண்டேன். பெரிய எழுத்தும் எண்ணும் குறியும் கலந்திருந்தால்தான் கடவுச்சொல் வலியது என்ற எண்ணத்தில் நெடுநாள் இருந்தேன். அமெரிக்காவின் தேசியத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல், அப்படிக் கலக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்றும், காரணமில்லாமல் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்ல வேண்டாம் என்றும் தெளிவாகச் சொல்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் விளங்கும். விசைப்பலகையிலுள்ள 95 குறிகளையும் கலந்து 12 இடங்களை நிரப்பும் வழிகளைவிட, 26 சிறிய எழுத்துகளை மட்டும் கொண்டு 17 இடங்களை நிரப்பும் வழிகள் அதிகம். தேர்வு நம்முடையதாக இல்லாமல் கருவியினுடையதாக இருக்க வேண்டும், அது ஒன்றே நிபந்தனை. பெட்டகத்தில் கடவுச்சொற்களை ஆக்கித் தரும் உருவாக்கியில் சிறிய எழுத்தை மட்டும் விட்டு மற்றவற்றை நீக்கி, நீளத்தை 17 ஆக்கினேன். விளையாட்டுத் தளம் பெரிய எழுத்தும் எண்ணும் கேட்டு அடம்பிடித்ததால் கடைசியில் இரண்டைச் சேர்த்துக்கொண்டேன். இப்போது பலகையைக் கடைசியில் இரண்டே முறை மாற்றினால் போதும், 'ஐ'யா 'எல்'லா என்ற குழப்பமும் போய்விட்டது. கூடவே அந்தக் கணக்குக்கு முப்பது நொடிக்கு ஒருமுறை எண் மாறும் இரண்டாம் படிச் சரிபார்ப்பையும் இட்டு, கைபேசி பழுதானால் உதவும் மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதிப் பீரோவில் வைத்தேன். பிறகு ஒருமுறை கைபேசியின் உட்பலகை எரிந்தபோது அந்தத் தாள்தான் என்னைக் காப்பாற்றியது.

பெட்டகத்தையே நம்பலாமா என்ற கேள்வி 2022இல் எழுந்தது. லாஸ்ட்பாஸ் என்ற பெட்டக நிறுவனத்திடமிருந்து பயனர்களின் பெட்டகப் பிரதிகளே திருடு போயின. உள்ளே கடவுச்சொற்கள் மறையாக்கத்தில்தான் இருந்தன, ஆனால் எந்தெந்தத் தளங்களுக்கானவை என்ற முகவரிகள் அப்படி இருக்கவில்லை. பிரதி திருடன் கையில் இருக்கும்போது அவனுக்கும் நமக்கும் நடுவில் நிற்பது முதன்மைக் கடவுச்சொல் ஒன்றே. நான் பயன்படுத்துவது வேறொரு நிறுவனத்தின் பெட்டகம் என்றாலும் அன்றிரவே என் முதன்மைச் சொல்லை மாற்ற முடிவு செய்தேன்.

பகடை உருட்டிச் சொற்களைத் தேர்ந்தெடுக்கும் முறை மேல்நாட்டில் பரவலாக இருக்கிறது. என் வீட்டில் பகடை இல்லை, அம்மாவின் பித்தளைத் தாயக்கட்டைகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒன்று, இரண்டு, மூன்று, வெறுமை என்று நான்கு முகங்கள். ஒன்றில் சிவப்பு நூல் கட்டி அடையாளம் செய்தால், இரண்டையும் சேர்த்து ஒருமுறை உருட்டும்போது பதினாறு விடைகளில் ஒன்று விழும். நோட்டில் பதினாறுக்குப் பதினாறு கட்டம் போட்டு, 256 சிறு சொற்களை அம்மாவும் நானும் ஒரு மாலை முழுவதும் நிரப்பினோம். மணி, படி, தேன், நிலா, கயிறு. அம்மா ஆசையோடு வாழை, தாழை என்று சொல்லிக்கொண்டு வந்தார். சொற்களை ஆங்கில எழுத்தில்தான் அடிக்கப்போகிறேன், ழகரத்தை அதில் ஒருவர் ஒருவிதமாக எழுதுவார், நானே நாளைக்கு வேறுவிதமாக எழுதக்கூடும் என்பதால் அவற்றை விட்டுவிட்டோம், அதே குழப்பத்துக்காகக் கயிறையும் நீக்கினோம். முதல் உருட்டு கட்டத்தின் கிடைவரிசையைக் காட்டும், இரண்டாம் உருட்டு செங்குத்து வரிசையை. எட்டுச் சொற்கள் வரும்வரை அம்மாதான் உருட்டினார். விழுந்தவற்றில் இரண்டு சொற்கள் எனக்குப் பிடிக்கவில்லை, மாற்றவில்லை. பிடித்ததை எடுத்தால் தேர்வு மறுபடி நம் மனத்தின் கைக்குப் போய்விடும். அந்த நோட்டே திருடன் கையில் கிடைத்தாலும், அவன் சோதிக்க வேண்டிய வரிசைகள் ஏறத்தாழ 1.84 லட்சம் கோடி கோடி. அதை மனப்பாடம் செய்ய எனக்கு இரண்டு நாள் போதுமானதாக இருந்தது. பெட்டகத்தின் உருவாக்கியில் சொற்களால் ஆன கடவுச்சொல் வசதியும் உண்டு, ஆனால் அதில் இருப்பவை ஆங்கிலச் சொற்கள் மட்டுமே.

இவ்வளவு நன்மையைச் சொன்ன பிறகும் மருமகனுக்கு அதை நான் வாங்கித் தரவில்லை. அவனிடம் இருப்பவை ஐந்தே கணக்குகள். அவன் கணக்கைத் திருடியவன் ஏதோ ஓர் ஊரில் உட்கார்ந்து பட்டியலை ஓட்டியவன், அக்கா வீட்டுப் பீரோவைத் திறக்க வருபவன் அல்லன். அவனும் என்னைப் போலத் தொலைக்காட்சியில்தான் விளையாடுகிறான், அந்த எழுத்துருவோடு அவனையும் மல்லுக்கட்ட வைக்க எனக்கு விருப்பமில்லை. என் சந்தாவை மட்டும் மூன்று நாள் தள்ளிப்போட்டு, கோபம் தணியாமலேதான் கட்டினேன். 63 ஆக இருந்த கணக்குகள் இப்போது 118 ஆகிவிட்டன, எனக்கு வேறு வழியில்லை.

சென்ற ஞாயிறு அவன் வீட்டுக்குப் போய், என் பெட்டகத்தின் உருவாக்கியில் அவனுக்கு ஐந்து கடவுச்சொற்களை எடுத்துக் கொடுத்தேன். கோடு போட்ட நாற்பது பக்க நோட்டில் எழுத்துக்கு ஒரு கட்டம் விட்டு அவனே எழுதினான். பிறகு தரையில் உட்கார்ந்து, நோட்டை மடியில் விரித்து, ஒவ்வோர் எழுத்தின் மேலும் இடது ஆட்காட்டி விரலை வைத்துக்கொண்டு வலது கட்டைவிரலால் குமிழைத் தள்ளினான். முதல் முறையிலேயே உள்ளே போய்விட்டது. நோட்டை அக்கா வாங்கி, பீரோவில் ரேஷன் அட்டை இருந்த உறைக்குள் வைத்துப் பூட்டினாள்.